பழைய கார் ஆயில் குடிக்கிறதா? எஞ்சினைப் பிரிப்பதற்கு முன் செய்ய வேண்டிய சோதனைகள்

பழைய கார் ஆயில் குடிக்கிறது என்றதுமே பெரும்பாலும் கிடைக்கும் பதில், "ரிங் போயிடுச்சு, எஞ்சினை இறக்கணும்" என்பதுதான். ரிங் என்றால் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் வளையம். சில சமயம் அந்தப் பதில் உண்மையாகவும் இருக்கும். ஆனால் சோதிக்காமல் சொன்ன தீர்ப்பை நம்பி எஞ்சினைப் பிரித்து, புது ரிங் போட்டு, மறுபடியும் அதே அளவு ஆயில் குறைவதைப் பார்க்கிற நிலை யாருக்கும் வரக்கூடாது. விரல் நீளம்கூட இல்லாத ஒரு பி.சி.வி. (கிராங்க்கேஸ் காற்றோட்ட) வால்வு செய்கிற வேலைக்கு பிஸ்டன்கள் பழி சுமப்பது உண்டு.

எஞ்சினை விட்டு ஆயில் போக வழிகள் சிலவே. வெளியே ஒழுகலாம். கிராங்க்கேஸ் எனும் எஞ்சின் அடிப்பகுதியின் காற்றோட்டக் குழாய் வழியாக, எஞ்சினுக்குக் காற்று வரும் இன்டேக்கிற்குள் போகலாம். வால்வுத் தண்டு வழியாகக் கீழே இறங்கலாம். பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி மேலே ஏறலாம். டர்போ இருந்தால் அதன் சீல் வழியாகவும் போகலாம். அரிதாக, கூலன்ட்டில் கலக்கலாம். ஒவ்வொரு வழிக்கும் தனித் தடயம் உண்டு. செலவில்லாத சோதனையில் தொடங்கி செலவுள்ளதை நோக்கி, அந்தத் தடயங்களை வரிசையாகத் தேடுவதுதான் இந்த வழிகாட்டி.

முதலில் அளவு, பிறகுதான் சந்தேகம்

"நிறைய குடிக்குது" என்பது அளவு இல்லை. 1,000 கி.மீ.க்கு எத்தனை மில்லி லிட்டர் என்ற எண் கையில் இருக்க வேண்டும். அது இல்லாமல் செய்யும் எந்தப் பழுதும் பலித்ததா இல்லையா என்று பிறகு தெரியாது.

காரைச் சமதளத்தில் நிறுத்துங்கள். எஞ்சின் முழுச் சூட்டுக்கு வந்தபின் அணைத்து, 10 நிமிடம் காத்திருங்கள். மேலே இருக்கும் ஆயில் எஞ்சினின் அடித்தொட்டியான சம்ப்புக்கு இறங்க அவ்வளவு நேரம் வேண்டும். டிப்ஸ்டிக்கை உருவி, நூல் உதிராத துணியால் துடைத்து, கடைசி வரை செருகி மீண்டும் எடுங்கள். குச்சியின் இரு பக்கத்தையும் பாருங்கள். ஒரு பக்கம் உயரமாகவும் மறுபக்கம் தாழ்வாகவும் காட்டினால் தாழ்வானதை எடுத்துக்கொள்ளுங்கள். உயரமாகத் தெரிவது குழாயின் சுவரில் உரசி ஒட்டிய ஆயில். மேல் கோடு வரை சரியாக நிரப்பி, கிலோமீட்டர் மீட்டரின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

1,000 கி.மீ. ஓடியபின் அதே இடம், அதே சூடு, அதே 10 நிமிடம். இப்போது அளவுக் குவளையிலிருந்து ஊற்றி, மறுபடி மேல் கோட்டுக்குக் கொண்டுவாருங்கள். ஊற்றிய அளவுதான் குடித்த அளவு. கோடுகளுக்கு நடுவே எவ்வளவு இறங்கியது என்று கண்ணால் மதிப்பிட வேண்டாம். பல கார்களில் மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் இடையே சுமார் 1 லிட்டர் பிடிக்கும் என்றாலும் எஞ்சினுக்கு எஞ்சின் அது மாறும். 1,000 கி.மீ. முடியும் முன்பே கீழ்க் கோட்டை நெருங்கினால் காத்திருக்காதீர்கள். ஊற்றுங்கள், ஊற்றியதைக் கணக்கில் எழுதுங்கள்.

200 மி.லி.க்குள் இருந்தால் வயதான எஞ்சினுக்கு அது கவலைப்பட வேண்டிய அளவே இல்லை. 200க்கும் 500க்கும் நடுவே என்றால் கீழே வரும் மலிவான சோதனைகளைச் செய்துவிடுவது நல்லது. அரை லிட்டரைத் தாண்டினால் காரணம் தேடியே ஆக வேண்டும். பல கையேடுகள் 1,000 கி.மீ.க்கு அரை லிட்டர் வரை ஏற்கத்தக்கது என்கின்றன, சில அதற்கு மேலும் விடுகின்றன. அந்த எண்ணை எஞ்சினின் ஆரோக்கியத்துக்கு அளவுகோலாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எந்த அளவு வரை உத்தரவாதத்தில் பழுது பார்க்க மாட்டோம் என்று தயாரிப்பாளர் போட்ட எல்லைக்கோடு அது.

இந்த அளவீட்டில் ஏமாற மூன்று இடம் உண்டு. ஆயில் மாற்றிய உடனே, எஞ்சினை ஓட்டாமல் அளவு எடுத்தால் காலியான ஃபில்டர் பிறகு உறிஞ்சுவது "குடித்த" கணக்கில் சேர்ந்துவிடும். சில நிமிடம் ஓட்டி, அணைத்து, பிறகு மேல் கோட்டுக்கு நிரப்புங்கள். இரண்டாவது, அளவுக்கு மேல் ஊற்றுவது. சுழலும் கிராங்க் அதை அடித்து நுரையாக்க, காற்றோட்டக் குழாய் அதை இன்டேக்கிற்கு இழுத்துப்போகும். மிகுந்ததுதான் முதலில் காணாமல் போகும். மூன்றாவதுதான் அதிகம் பேரைக் குழப்புவது. குறுகிய தூரம் மட்டுமே ஓடும் காரில் எரியாத பெட்ரோலும் ஈரமும் ஆயிலில் கலந்து, குறைந்த ஆயிலின் இடத்தை நிரப்பி நிற்கும். மட்டம் மாதக்கணக்கில் அசையாததுபோல் இருக்கும். பிறகு ஒரு நீண்ட நெடுஞ்சாலைப் பயணத்தில் ஆயில் நன்றாகச் சூடாகி அந்தப் பெட்ரோல் ஆவியாகிப் போகும். ஒரே நாளில் அரை லிட்டர் குறைந்ததுபோல் தோன்றும். டிப்ஸ்டிக்கை மோந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் ஆயிலை மாற்றிவிட்டு அளவீட்டைப் புதிதாகத் தொடங்குங்கள்.

இன்னொன்று. டேஷ்போர்டில் எரியும் சிவப்பு ஆயில் விளக்கு பெரும்பாலான பழைய கார்களில் மட்டத்தைக் காட்டுவதில்லை, அழுத்தத்தைக் காட்டுகிறது. பம்ப் ஆயிலுக்குப் பதில் காற்றை உறிஞ்சும்போதுதான் அது எரியும். அதற்குள் பேரிங்குகள் அடிபடத் தொடங்கியிருக்கும். ஆயில் குடிக்கும் காரில் டிப்ஸ்டிக்கைத் தவிர எதையும் நம்பாதீர்கள்.

வெளியே ஒழுகுகிறதா?

நிறுத்திய இடத்தில் கறை இல்லை என்பதால் ஒழுகல் இல்லை என்று முடிவு கட்டிவிட முடியாது. ஆயில் பிரஷர் சுவிட்ச், ஃபில்டர் வாஷர், ஆயில் கூலர் கேஸ்கெட் போன்றவை அழுத்தம் இருக்கும்போது மட்டுமே, அதாவது ஓடும்போது மட்டுமே கசியும். ஓடும்போது 100 மீட்டருக்கு ஒரு சொட்டு விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். 1,000 கி.மீ.க்கு 10,000 சொட்டு. ஒரு சொட்டு 0.03 மி.லி. என்றாலும் 300 மி.லி. போய்விட்டது, வாசலில் தடமே இல்லாமல்.

எஞ்சினையும் அடிப்பக்கத்தையும் டிகிரீசரால் கழுவுங்கள். மின் இணைப்புகள், காற்று ஃபில்டர் வாய், ஆல்டர்னேட்டர் ஆகியவற்றைப் பிளாஸ்டிக் பையால் மூடிவிட்டுக் கழுவ வேண்டும். காய்ந்தபின் சந்தேகமான இணைப்புகளில் முகப் பவுடரை மெல்லியதாகத் தூவுங்கள். 30, 40 கி.மீ. ஓட்டிவிட்டுப் பாருங்கள்; கசிவு இருக்கும் இடத்தில் பவுடர் கருத்துக் கோடாக இறங்கியிருக்கும். இன்னும் துல்லியம் வேண்டுமானால் ஆயிலில் கலக்கும் ஒளிரும் சாயமும் புற ஊதா விளக்கும் கிடைக்கின்றன.

தேடுவது எப்போதும் மேலிருந்து கீழ். ஆயில் கீழ்நோக்கி வழியும், ஓடும்போது காற்று அதைப் பின்னுக்குத் தள்ளும். அதனால் சம்ப் கேஸ்கெட்டில் சொட்டுவது உண்மையில் எஞ்சினின் மேல்மூடியான டேப்பெட் கவரின் கேஸ்கெட்டில் பின் மூலையிலிருந்து வந்ததாக இருக்கும். ஈரத்தின் மிக உயரமான, மிக முன்பக்கமான புள்ளியைக் கண்டுபிடியுங்கள். எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தின் அடியில் மட்டும் ஈரம் இருந்தால் பின்பக்கக் கிராங்க் சீல் சந்தேகம். கியர்பாக்ஸை இறக்க வேண்டிய வேலை அது. அதற்கு முன் டேப்பெட் கவரின் பின்பக்கத்தை இரண்டு முறை சரிபாருங்கள். காரின் அடியில் படுக்கும்போது ஜாக்கை மட்டும் நம்பக் கூடாது, ஸ்டாண்டு வைத்தே ஆக வேண்டும்.

கூலன்ட் தொட்டியையும் திறந்து பாருங்கள், எஞ்சின் ஆறியபின். மேலே எண்ணெய்ப் படலமோ பழுப்புக் குழம்போ மிதந்தால் எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டின் கேஸ்கெட் அல்லது ஆயில் கூலர் போயிருக்கும். ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் மட்டும் வெண்ணெய் போல் ஒட்டியிருந்தால் பயப்பட வேண்டாம். குறுகிய ஓட்டத்தில் ஈரம் அங்கே படிவது சாதாரணம். டிப்ஸ்டிக்கிலும் அதே வெண்ணெய் இருந்தால்தான் விஷயம் பெரிது.

ஆயிலும் பி.சி.வி. வால்வும்

வெளியே உலர்வாக இருந்தால் ஆயில் எரிகிறது. எரியும் ஆயில் எந்த வழியாகப் போகிறது என்பதே இனி கேள்வி.

ஊற்றியிருப்பது கையேடு சொன்ன கிரேடுதானா என்று முதலில் பாருங்கள். மெல்லிய, எளிதில் ஆவியாகும் ஆயில் வெறும் சூட்டிலேயே கொஞ்சம் குறையும். நோவாக் என்ற சோதனையில் இந்த ஆவியாதலை அளக்கிறார்கள், ஐரோப்பிய கார் தயாரிப்பாளர் சங்கமான ஏ.சி.இ.ஏ.வின் ஏ3/பி4 தரத்தில் 13 சதவீதமே உச்சம். கையேட்டில் 5டபிள்யூ-30, 5டபிள்யூ-40 இரண்டும் இருந்தால் தேய்ந்த எஞ்சினுக்கு 40 ஓரளவு உதவும். பட்டியலில் இல்லாத கெட்டி ஆயிலை ஊற்றி நோயை மூடி மறைக்க வேண்டாம். அடைபட்ட ரிங் அதனால் திறக்காது. காலை நேரத்தில் மேலே ஆயில் ஏறுவதுதான் தாமதமாகும்.

அடுத்தது பி.சி.வி. ரிங்குகளைத் தாண்டிக் கீழே வரும் எரிந்த வாயுவை இன்டேக்கிற்கே திருப்பி அனுப்பும் சிறு வால்வு இது. அடைத்துக்கொண்டால் கிராங்க்கேஸில் அழுத்தம் ஏறி ஆயிலை எல்லாச் சீல்களிலும் வெளியே தள்ளும். ஒரே நேரத்தில் நாலைந்து இடத்தில் கசிவு தொடங்கிய எஞ்சினில் கேஸ்கெட்டுகளை வாங்குவதற்கு முன் இதைப் பாருங்கள். மாறாக, திறந்தே மாட்டிக்கொண்டாலோ உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வு கிழிந்தாலோ, இன்டேக் வெற்றிடம் கிராங்க்கேஸிலிருந்து ஆயில் பனியை நேராக உறிஞ்சி எரித்துவிடும். பார்ப்பதற்கு ரிங் போன எஞ்சின் மாதிரியே இருக்கும்.

சோதனை எளிது. எஞ்சின் சூடாகி ஐடிலில் ஓடட்டும். ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, வாய் மேல் ஒரு துண்டுத் தாளை வையுங்கள். நல்ல எஞ்சினில் தாள் மெல்ல உள்ளே இழுபட்டு வாயோடு ஒட்டிக்கொள்ளும். தூக்கினால் உடனே வந்துவிடும். தாள் படபடவென்று மேலே எழும்பி, புகை கக்கினால் வால்வு அடைத்திருக்க வேண்டும் அல்லது ரிங்குகளைத் தாண்டி வரும் வாயு அதிகம். மூடியைத் திருகவே முடியாதபடி இழுத்துப் பிடித்திருந்தால், திறக்கும்போது விசில் சத்தம் கேட்டால், ஐடில் தடுமாறினால், சவ்வு கிழிந்துவிட்டது. தனியாகக் கழலும் பழைய வகை வால்வைக் கையில் எடுத்துக் குலுக்கினால் உள்ளே "கடகட" என்று ஆட வேண்டும். ஆடினாலும் கூட, ஆயில் குடிக்கும் காரில் புதிதாக ஒன்று போட்டுவிடுவதே மேல். அதற்கான குழாய்களையும் பாருங்கள். உள்சுவரில் தார் போல் படிந்து பாதி அடைத்திருக்கும்.

மாற்றியபின் மறுபடி 1,000 கி.மீ. அளவீடு. அவசரப்பட்டு ஒரே நேரத்தில் இரண்டு பாகம் மாற்றினால் எது காரணம் என்று தெரியாமலே போகும்.

நீலப் புகை எந்த நேரத்தில் வருகிறது?

ஆயில் எரிந்தால் புகை நீலம் கலந்த சாம்பல் நிறம், கரிந்த எண்ணெய் வாடை. வெள்ளையாக, லேசான இனிப்பு வாடையோடு வந்து மறையாமல் நின்றால் கூலன்ட். கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம். நிறத்தைவிட நேரம்தான் அதிகம் சொல்லும். பின்னால் ஒருவரை நிறுத்தி செல்போனில் படம் எடுக்கச் சொல்லுங்கள். ஓட்டுநர் இருக்கையிலிருந்து இது சரியாகத் தெரியாது.

இரவு முழுக்க நின்ற வண்டியைக் காலையில் கிளப்பும்போது ஒரு பெரிய நீலப் புகை வந்து, சில நொடிகளில் நின்றுவிட்டால் வால்வு சீல். சூட்டில் கெட்டிப்பட்ட சீலின் உதடு தண்டை இறுகப் பிடிப்பதில்லை. ஹெட்டில் தேங்கிய ஆயில் இரவெல்லாம் தண்டு வழியே சொட்டி, முதல் சில சுழற்சியில் எரிகிறது. சூடான எஞ்சினை 5 நிமிடம் ஐடிலில் விட்டுவிட்டு 3,000 ஆர்.பி.எம்.க்கு முறுக்கும்போது ஒரு பூ போல் புகை விரிந்தாலும் பெரும்பாலும் இதே காரணம்.

நீண்ட இறக்கத்தில் கியரில் விட்டு ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, கீழே வந்து மிதிக்கும்போது புகை வந்தால் அதையும் வால்வு சீல் என்று எழுதிவிடுவது வழக்கம். இங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும். ஆக்சிலரேட்டரோடு திறந்து மூடும் காற்றுக் கதவான த்ராட்டில் மூடியிருக்கும்போது வெற்றிடம் இன்டேக்கில் மட்டுமல்ல, சிலிண்டருக்குள்ளும் உருவாகிறது. அது ஆயில் ரிங் வழியாகவும் கீழிருந்து இழுக்கும். ஆகவே இறக்கப் புகை மட்டும் வைத்து சீலைக் குற்றம் சொல்ல முடியாது. காலைப் புகையும் கூடவே இருந்தால் சொல்லலாம்.

ஏற்றத்திலும் பாரத்திலும் தொடர்ந்து புகைந்தால் ரிங் அல்லது சிலிண்டர் தேய்மானம். டர்போ எஞ்சினில் டர்போவும் சேரும்.

புகையே இல்லை என்றால்? புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் சூடாக இருக்கும்போது ஆயில் ஆவியில் பெரும்பகுதியை எரித்துவிடும். 1,000 கி.மீ.க்கு அரை லிட்டர் குடிக்கும் கார் துளிப் புகையும் விடாமல் ஓடும். சைலன்சர் முனையில் விரல் வைத்துத் தேய்த்துப் பாருங்கள், ஆறியிருக்கும்போது. உலர்ந்த கரி விரலில் பொடியாக ஒட்டும். ஆயில் கலந்த கரி பிசுபிசுவென்று வழுக்கும்.

ஸ்பார்க் பிளக்கைப் படிப்பது

எந்தச் சிலிண்டர் என்று சொல்வது பிளக்தான். எஞ்சின் ஆறியபின், பிளக் குழிகளைக் காற்றடித்துச் சுத்தம் செய்துவிட்டுக் கழற்றுங்கள். 1, 2, 3, 4 என்று வரிசை மாறாமல் ஒரு வெள்ளைத் துணியில் அடுக்குங்கள். இந்த வரிசை கலைந்தால் சோதனையே வீண்.

மரையில் மட்டும் ஆயில் இருந்து முனை உலர்ந்திருந்தால் அது எரியும் ஆயில் அல்ல. டேப்பெட் கவரிலிருந்து பிளக் குழிக்குள் கசிகிறது, குழாய் சீலை மாற்றினால் முடிந்தது. முனையே கறுத்து, மினுமினுப்பாக ஈரமாக இருந்தால் அந்தச் சிலிண்டருக்குள் ஆயில் வருகிறது. சில பிளக்குகளில் ஈரம் இருக்காது. எலக்ட்ரோடில் வெள்ளை மஞ்சள் கலந்த சாம்பல் பொருக்குத் தட்டியிருக்கும். ஆயிலில் இருக்கும் கால்சியம் போன்றவற்றின் சேர்மங்கள் எரிந்து மிஞ்சும் சாம்பல் அது, மெதுவாக நீண்ட நாள் ஆயில் எரிந்ததற்கு அடையாளம்.

பிளக்கை வெளிச்சத்தில் பிடித்துச் சுற்றிப் பாருங்கள். பொருக்கு ஒரு பக்கம் மட்டும் தடித்திருந்து, அந்தப் பக்கம் இன்டேக் வால்வை நோக்கி இருந்தால், ஆயில் மேலிருந்து வால்வு வழியே வருகிறது. இதைச் சொல்ல வேண்டுமானால் கழற்றும் முன்பே பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டு, அது எந்தத் திசையில் இருந்தது என்று குறித்திருக்க வேண்டும். சுற்றிலும் ஒரே சீராகப் படிந்திருந்தால் கீழிருந்து, ரிங் வழியே வருவதற்கே வாய்ப்பு அதிகம்.

ஒரு பிளக் மட்டும் மோசம் என்றால் அந்தச் சிலிண்டரில் கீறலோ, சிக்கிய ரிங்கோ, போன சீலோ இருக்கும். நான்கும் ஒரே அளவில் மோசம் என்றால் எல்லாவற்றுக்கும் பொதுவான காரணத்தைத் தேடுங்கள்: பி.சி.வி., தவறான ஆயில், எல்லாச் சிலிண்டரிலும் அடைபட்ட ஆயில் ரிங்குகள்.

கம்ப்ரஷன் சோதனையும் அது சொல்லாத உண்மையும்

பேட்டரி நிறைந்திருக்கட்டும். எஞ்சின் சூடாக இருக்க, எல்லாப் பிளக்குகளையும் கழற்றி, இக்னிஷனையும் இன்ஜெக்டர்களையும் துண்டியுங்கள். கம்ப்ரஷன் மீட்டரைப் பிளக் துளையில் பொருத்தி, ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்தபடி, ஒவ்வொரு சிலிண்டருக்கும் 5 அல்லது 6 அழுத்தச் சுற்று வரும்வரை ஸ்டார்ட்டரைச் சுழற்றுங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணிக்கை. த்ராட்டில் மூடியிருந்தால் எண் குறைவாகக் காட்டி வீண் பயம் தரும்.

நல்ல பெட்ரோல் எஞ்சினில் 12 முதல் 14 பார் வரை பொதுவாக வரும். சரியான எண் உங்கள் கையேட்டில் இருக்கும். எண்ணைவிட வேறுபாடு முக்கியம். உயர்ந்த சிலிண்டருக்கும் தாழ்ந்ததற்கும் 10 முதல் 15 சதவீதத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் தாழ்ந்ததில் கோளாறு. அதில் ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மி.லி. ஆயில் விட்டு மறுபடி அளக்கவும். எண் நன்றாக ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கெட். தாராளமாக ஊற்றக் கூடாது. 500 சிசி சிலிண்டரில் அழுத்த விகிதம் 10க்கு 1 என்றால் பிஸ்டன் மேலே வந்தபின் மிஞ்சும் இடம் சுமார் 55 மி.லி.தான். அதில் 20 மி.லி. ஆயில் இருந்தால் ரிங் எப்படி இருந்தாலும் எண் எகிறும்.

இப்போது மிக முக்கியமான விஷயம். கம்ப்ரஷன் நன்றாக இருப்பதால் ரிங் நன்றாக இருக்கிறது என்று ஆகாது. பிஸ்டனில் மூன்று ரிங் உண்டு. அழுத்தத்தைப் பிடிப்பது மேலே உள்ள இரண்டு. மூன்றாவது, இரண்டு மெல்லிய தகடுகளும் நடுவே ஒரு விரிப்பானும் கொண்ட ஆயில் ரிங். சிலிண்டர் சுவரிலிருந்து ஆயிலை வழித்து, பிஸ்டனில் உள்ள சிறு துளைகள் வழியாகத் திரும்ப அனுப்புவது அதன் வேலை. அந்தத் துளைகளும் பள்ளமும் கரியால் அடைத்துக்கொண்டால் வழித்த ஆயில் போக இடமில்லாமல் மேலேயே நின்று எரியும். கம்ப்ரஷன் மீட்டரோ 13 பார் காட்டும். "கம்ப்ரஷன் சூப்பர், ஆனா லிட்டர் கணக்கில் குடிக்குது" என்ற புதிருக்குப் பெரும்பாலும் இதுவே விடை.

சில எஞ்சின்களில் இது வடிவமைப்பிலேயே வந்த குறை. டொயோட்டாவின் 1இசட்இசட்-எஃப்ஈ, 2ஏஇசட்-எஃப்ஈ எஞ்சின்களின் சில ஆண்டுத் தயாரிப்புகளும், ஃபோக்ஸ்வாகன் - ஆவ்டி குழுமத்தின் ஈஏ888 இரண்டாம் தலைமுறை 2.0 டர்போவும் இதில் பெயர்பெற்றவை. பின்னர் மாற்றியமைத்த பிஸ்டன்கள் வந்தன. உங்கள் எஞ்சின் இந்த வகை என்றால் தேடலைச் சுருக்கலாம். பி.சி.வி. சோதனையை மட்டும் அப்போதும் விடக்கூடாது.

கம்ப்ரஷனில் ஐயம் இருந்தால் லீக்டவுன் சோதனை தெளிவாகச் சொல்லும். பிஸ்டனை அழுத்தச் சுற்றின் உச்சியில் நிறுத்தி, பிளக் துளை வழியாக சுமார் 7 பார் காற்று செலுத்தி எவ்வளவு கசிகிறது என்று பார்ப்பது. 10 சதவீதத்துக்குள் அருமை, 20 வரை வயதுக்கு ஏற்றது, 30ஐத் தொட்டால் வேலை இருக்கிறது. காது கொடுத்துக் கேளுங்கள்: ஆயில் மூடியில் சீறல் என்றால் ரிங், த்ராட்டிலில் என்றால் இன்டேக் வால்வு, சைலன்சரில் என்றால் எக்ஸாஸ்ட் வால்வு, ரேடியேட்டரில் குமிழி என்றால் ஹெட் கேஸ்கெட். காற்று கிராங்க்கைத் திடீரென்று சுழற்றிவிடும். ஸ்பேனரை கிராங்க் போல்ட்டில் விட்டுவிட்டுக் காற்றைத் திறக்கவே கூடாது.

பிளக் துளை வழியாக உள்ளே நுழைக்கும் சிறு கேமரா கிடைத்தால் இதே நேரத்தில் பார்த்துவிடுங்கள். பிஸ்டன் தலை முழுக்கக் கரி படிந்திருக்க, ஓரம் மட்டும் வட்டமாகக் கழுவியதுபோல் பளபளத்தால் ஆயில் ரிங்கைத் தாண்டி ஏறி அங்கே கரியைக் கரைத்துக்கொண்டிருக்கிறது. சுவரில் குறுக்குக் கோடுகள் தெரிந்தால் சிலிண்டர் இன்னும் உயிரோடு இருக்கிறது. மேலிருந்து கீழாக நீண்ட கீறல்கள் என்றால் எந்தத் திரவத்தாலும் அது சரியாகாது.

டர்போ இருந்தால்

இன்டேக் குழாயில் மெல்லிய எண்ணெய்ப் படலம் இருப்பது இயல்பு. இன்டர்கூலரின் கீழ்க் குழாயைக் கழற்றினால் ஆயில் குட்டையாகத் தேங்கி இருந்தால் இயல்பு இல்லை. டர்போவின் தண்டை விரலால் ஆட்டுங்கள். பக்கவாட்டில் சிறு ஆட்டம் இருக்கலாம். முன்பின் ஆட்டம் விரலுக்குத் தெரியவே கூடாது, இறக்கை உறையில் உரசிய தடமும் கூடாது. டர்போவைக் குற்றம் சொல்வதற்கு முன் அதன் ஆயில் திரும்பும் குழாய் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். திரும்பிப் போக வழியில்லாத ஆயில் நல்ல சீலையும் தாண்டும். கிராங்க்கேஸ் அழுத்தம் அதிகமானாலும் இதேதான் நடக்கும். டீசல் காரில் இன்டர்கூலரில் தேங்கிய ஆயிலோடு ஓட்டவே கூடாது. எஞ்சின் அதையே எரிபொருளாக எடுத்துக்கொண்டு, சாவியைத் திருப்பினாலும் நிற்காமல் தன்னால் வேகமெடுத்து நொறுங்கிவிடும்.

கண்டுபிடித்தபின் என்ன செய்வது?

வால்வு சீல் என்றால் பல எஞ்சின்களில் ஹெட்டைக் கழற்ற வேண்டியதில்லை. பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து, பிளக் துளை வழியாகக் காற்றழுத்தம் கொடுத்து வால்வைத் தாங்கிப் பிடித்து, ஸ்பிரிங்கை அமுக்கி சீலை மாற்றலாம். கழற்றும்போதே வால்வைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். வால்வுத் தண்டு ஓடும் குழலான கைடு தேய்ந்து வால்வு ஆடினால் புது சீலும் சீக்கிரமே கெடும்.

ஆயில் ரிங் அடைப்பு என்று சந்தேகம் இருந்தால் எஞ்சினைப் பிரிக்கும் முன் ஊறவைத்துப் பார்ப்பது நியாயம். மிதமான சூட்டில் பிளக்குகளைக் கழற்றி, கிராங்க்கைத் திருப்பி எல்லாப் பிஸ்டனையும் நடு உயரத்தில் நிறுத்துங்கள். இதற்கென்றே விற்கும் கரி கரைக்கும் திரவத்தை ஒவ்வொரு சிலிண்டரிலும் 30 முதல் 50 மி.லி. விட்டு, 8 முதல் 12 மணி நேரம் ஊறவிடுங்கள். இடையிடையே கிராங்க்கைச் சில டிகிரி முன்பின் அசைத்தால் திரவம் ரிங் பள்ளத்துக்குள் இறங்கும்.

அடுத்த கட்டத்தில்தான் எஞ்சின்கள் சாகின்றன. மேலே மிஞ்சிய திரவத்தை சிரிஞ்சும் மெல்லிய குழாயும் வைத்து முழுவதும் உறிஞ்சி எடுங்கள். பிறகு பிளக் போடாமல், துளைகள் மேல் துணியைப் போட்டு, இக்னிஷனும் எரிபொருளும் துண்டித்த நிலையில் ஸ்டார்ட்டரைச் சில நொடி சுழற்றுங்கள். திரவம் அமுங்காது. பிளக்கைப் போட்டு மூடிய சிலிண்டரில் அது தேங்கியிருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அதன்பின் பழைய ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றாமல் எஞ்சினைக் கிளப்பக் கூடாது. திரவம் கலந்த ஆயில் பேரிங்கைக் காக்காது. முதல் ஓட்டத்தில் புகை அடர்த்தியாக வரும், திறந்த வெளியில் கிளப்புங்கள்.

ஒரே முறையில் பலன் தெரியாவிட்டால் இன்னொரு முறை செய்யலாம். அடைப்பு மட்டும்தான் காரணம் என்றால் அளவு குறையும். தேய்மானம் என்றால் அசையாது. இதற்கு மாற்றாக ஆயிலில் கலக்கும் ஃப்ளஷ் திரவத்தை, உள்ளே கசடு தடித்துக் கிடக்கும் எஞ்சினில் விடவே வேண்டாம். பெயர்ந்த கசடு சம்ப்பில் உள்ள உறிஞ்சு வலையை அடைத்து ஆயில் அழுத்தத்தையே நிறுத்திவிடும். மூடியைத் திறந்து டார்ச் அடித்தால் ஹெட்டில் கறுப்புக் களி தெரிகிறதா என்று முதலில் பாருங்கள். தெரிந்தால் நல்ல ஆயிலை 5,000 கி.மீ.க்கு ஒருமுறை மாற்றி மெதுவாகவே கழுவ வேண்டும்.

எஞ்சினைப் பிரித்தே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால் ரிங் மட்டும் வாங்கிக் கொடுத்துவிட்டு ஒதுங்காதீர்கள். சிலிண்டரின் விட்டத்தை மேல், நடு, கீழ் என மூன்று இடத்தில், குறுக்கும் நெடுக்குமாக அளக்கச் சொல்லுங்கள். கூம்பலும் நீள்வட்டமும் கையேட்டின் எல்லையைத் தாண்டினால் புது ரிங் பிடிக்காது. சுவர் கண்ணாடி போல் வழவழப்பாக இருந்தால் ஹோன் செய்து குறுக்குக் கோடு போடாமல் ரிங் உட்காராது. பிஸ்டனின் ஆயில் துளைகள் ஒவ்வொன்றும் வெளிச்சம் தெரியும் அளவுக்குத் திறந்திருக்க வேண்டும். திருத்திய பிஸ்டன் உங்கள் எஞ்சினுக்கு வந்திருந்தால் பழையதையே திரும்பப் போடுவது அதே நோயைத் திரும்ப வாங்குவதாகும்.

300, 400 மி.லி. அளவில் நிலையாக நிற்கும் பழைய காரை இறக்காமலே ஓட்டலாம். 500 கி.மீ.க்கு ஒருமுறை டிப்ஸ்டிக், டிக்கியில் அதே கிரேடில் ஒரு லிட்டர். "ஊற்றிக்கொண்டேதான் இருக்கிறோமே" என்று ஆயில் மாற்றும் தவணையைத் தள்ளக் கூடாது. பழைய ஆயிலின் அழுக்கு அப்படியே உள்ளே இருக்கும், அதுதான் ரிங்கை மேலும் அடைக்கும். எரியும் ஆயிலின் பாஸ்பரஸ் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை மெல்ல மெல்லச் செயலிழக்கச் செய்யும், ஆக்ஸிஜன் சென்சாரும் கெடும். எஞ்சின் செலவோடு அந்த இரண்டின் விலையையும் சேர்த்துக் கணக்குப் போட்டபின் இறக்குவதா வேண்டாமா என்று முடிவெடுங்கள். புது ரிங் போட்டால் அவை உட்காரும் வரை ஆயில் கொஞ்சம் கூடுதலாகவே குறையும். அதனால் முதல் 1,500, 2,000 கி.மீ. எண்ணை வைத்துத் தீர்ப்பு சொல்லாமல், அதன்பின் அதே சமதளத்தில், அதே 10 நிமிடக் காத்திருப்போடு மறுபடி அளந்து, பழைய எண்ணுக்குப் பக்கத்தில் எழுதுங்கள்.